சூடு, புளிப்பு, குளியல்: ஐரோப்பாவின் மருந்தூற்றுப் பெயர்கள்

கேள்வி இரண்டு பகுதியாக வந்திருக்கிறது. நோய் தீர்க்கும் ஊற்றுகளைக் குறிக்க ஐரோப்பிய மொழிகளில் பொதுவான ஒரு சொல் உண்டா என்பது முதலாவது. ‘ஸ்பா’ என்பது ‘நீரால் நலம்’ என்று பொருள்படும் ஒரு லத்தீன் தொடரின் சுருக்கம் என்று விளம்பரங்களில் போடுகிறார்களே, அது உண்மையா என்பது இரண்டாவது.

இரண்டாவது எளிது, அதை முதலில் முடித்துவிடலாம். உண்மை இல்லை. ‘சாலூஸ் பெர் ஆக்வாம்’ என்கிறார்கள் சிலர், ‘சானுஸ் பெர் ஆக்வாம்’ என்கிறார்கள் வேறு சிலர். சுருக்கத்தின் விரிவிலேயே இரண்டு கட்சி இருப்பதைப் பார்த்தாலே சந்தேகம் வரவேண்டும். ரோமானியர் இப்படி ஒரு சுருக்கத்தைப் புழங்கியதற்குச் சான்று எதுவும் இல்லை. ஸ்பா என்பது ஓர் ஊரின் பெயர். பெல்ஜியத்தின் கிழக்கே ஆர்டென் மலைப்பகுதியில் இன்றும் இருக்கிறது. 1571-இல் இங்கிலாந்தின் ஹாரோகேட்டில் வில்லியம் ஸ்லிங்ஸ்பி என்பவர் ஓர் ஊற்றைக் கண்டு, அதன் சுவை பெல்ஜியத்து ஸ்பா தண்ணீரைப் போலவே இருக்கிறது என்றார். 1596-இல் திமோத்தி பிரைட் என்ற மருத்துவர் அந்த இடத்தை ‘இங்கிலாந்தின் ஸ்பா’ என்று குறிப்பிட்டார். அதன்பின் ஊர்ப்பெயர் மெல்ல மெல்லப் பொதுச்சொல் ஆகிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்பா ஊரைப் பிரபலமாக்கிய ஊற்றுகள் சூடானவை அல்ல, குளிர்ந்தவை. இரும்பும் கரியமில வாயுவும் கலந்த அந்தத் தண்ணீரை மக்கள் குடிக்கத்தான் போனார்கள். அங்கே பேசப்படும் வல்லோன் மொழியில் இத்தகைய ஊற்றுக்கு ‘பூவோன்’ என்று பெயர். ரஷ்யப் பேரரசர் முதலாம் பீட்டர் 1717-இல் வந்து குடித்த ஊற்றுக்கு இன்றும் அவர் பெயர்தான். எண்ணெய் மசாஜும் மெழுகுவத்தியும் புல்லாங்குழல் இசையுமாக நம் ஊர்களில் இன்று ‘ஸ்பா’ என்று நடப்பதற்கும் அந்த இரும்பு நாற்றத் தண்ணீருக்கும் பெயரைத் தவிர வேறு உறவு இல்லை.

சரி, முதல் கேள்விக்கு வருவோம். பொதுவான ஒரு சொல் இல்லை. ஆனால் பெயர்களைக் கூட்டிவைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. 2021-இல் யுனெஸ்கோ ‘ஐரோப்பாவின் பெரும் ஸ்பா நகரங்கள்’ என்று ஏழு நாடுகளில் 11 ஊர்களை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. இங்கிலாந்தின் பாத், ஆஸ்திரியாவின் பாடன், ஜெர்மனியின் பாடன்-பாடன், பாட் எம்ஸ், பாட் கிஸ்ஸிங்கன், செக் நாட்டின் ஃபிரான்டிஷ்கோவி லாஸ்ன்யே, மாரியான்ஸ்கே லாஸ்ன்யே ஆகிய ஏழின் பெயரிலும் இருப்பது ‘குளியல்’ மட்டும்தான். கார்லோவி வாரியில் இருப்பது ‘கொதிப்பு’. இத்தாலியின் மொன்டெகாட்டினி தெர்மேயில் ‘சூடு’. மிச்சம் ஸ்பாவும் ஃபிரான்ஸின் விஷியும். இந்தப் பதினொன்றில் எதிலும் ‘குணமாக்குதல்’ என்ற சொல் இல்லை. மருத்துவத்தால் பெயர்பெற்ற ஊர்களின் பெயரில் மருத்துவமே காணோம்!

என் கணிப்பு இதுதான்: ஊற்றுக்குப் பெயர் வைத்தவர்கள் தோலுக்கும் நாக்குக்கும் தெரிந்ததை வைத்தார்கள். சுடுகிறது, கொதிக்கிறது, புளிக்கிறது, இங்கே குளிக்கலாம். ‘குணமாக்கும்’ என்ற அடைமொழியைச் சாமியும் மருத்துவரும் அரசாங்கமும் பின்னால் ஒவ்வொருவராக வந்து ஒட்டினார்கள்.

எல்லாவற்றிலும் எளிமையான பெயர் வெறும் ‘தண்ணீர்’. ரோமானியர் ஊற்று கண்ட இடத்துக்கெல்லாம் ‘ஆக்வே’, அதாவது ‘நீர்கள்’ என்று பெயர் வைத்து, பக்கத்தில் ஒரு தளபதியின் பெயரையோ தெய்வத்தின் பெயரையோ சேர்ப்பார்கள். கி.மு. 122-இல் செக்ஸ்டியஸ் கால்வினஸ் நிறுவிய ‘ஆக்வே செக்ஸ்டியே’ தேய்ந்து தேய்ந்து இன்று ஃபிரான்ஸின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் ஆகிவிட்டது. தென்மேற்கு ஃபிரான்ஸின் டாக்ஸ், இத்தாலியின் ஆக்வி எல்லாம் அதே தேய்மானம்தான். ஜெர்மனியின் ஆஹன் நகரம் தனிக்கதை. ஜெர்மானியர் தங்கள் பழஞ்சொல்லால் ‘தண்ணீர்’ என்று அழைத்தது ஆஹன் ஆனது. ஃபிரெஞ்சுக்காரர் அதே ஊரை எக்ஸ்-லா-ஷப்பேல் என்கிறார்கள். ஸ்பானியரும் போலந்துக்காரரும் ‘ஆக்விஸ்கிரான்’ என்கிறார்கள். அதில் ஒட்டியிருக்கும் ‘கிரான்’, பழைய ஐரோப்பிய இனத்தவரான கெல்டியரின் குணமாக்கும் தெய்வமான கிரான்னஸ். அந்தத் தெய்வத்தை இன்று யாரும் கும்பிடுவதில்லை, ஆனால் போலந்துக்காரரின் வாயில் அவர் இருக்கிறார்.

அடுத்தது சூடு. இதுதான் மிகப் பெரிய குடும்பம். லத்தீனில் ‘கலிதா’ என்றால் சுடுவது. அதிலிருந்து வந்தவை போர்ச்சுகல், ஸ்பெயின் முழுக்கச் சிதறிக்கிடக்கும் ‘கால்டாஸ்’ ஊர்கள். 1485-இல் அரசி லியோனோர், ஏழைகள் வெந்நீரில் இறங்கி நோய் தீர்த்துக்கொள்வதைப் பார்த்து ஒரு மருத்துவமனையே கட்டத் தொடங்கிய இடம் கால்டாஸ் ட ரைன்யா, ‘அரசியின் வெந்நீர்’. ஃபிரான்ஸின் ஷோட்-செக் என்ற சிற்றூரின் பெயருக்கும் ‘சுடுநீர்’ என்பதே பொருள். அங்கே நீர் 82 டிகிரியில் பொங்குகிறது, பெயர் பொய்யில்லை. ஸ்லாவிய மொழிகளில் ‘தெப்லி’, ‘டோப்லி’ என்றால் வெதுவெதுப்பு. செக்கின் தெப்லித்சே, ஸ்லோவாக்கியாவின் டிரென்சியன்ஸ்கே தெப்லித்சே, ஸ்லோவேனியாவிலும் குரோவேஷியாவிலும் எண்ணி மாளாத ‘டோப்லித்சே’க்கள் எல்லாம் அங்கிருந்து வந்தவை. பீத்தோவனும் கோதேயும் 1812-இல் சந்தித்துக்கொண்டது செக்கின் தெப்லித்சேயில்தான். துருக்கியில் ‘இலிஜா’ என்றால் வெந்நீர் ஊற்று. அதற்கு மேல் கூரை போட்டுவிட்டால் ‘கப்லிஜா’. ஒட்டோமான் ஆட்சியோடு அந்தச் சொல் பால்கனுக்குப் போய், சரயேவோவின் ஓரத்தில் இலிஜா என்றே ஓர் ஊராக உட்கார்ந்துவிட்டது. ஐரோப்பாவின் விளிம்பில் இருக்கும் ஜார்ஜியத் தலைநகர் திபிலிசியும் ‘வெதுவெதுப்பு’ என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். கந்தகக் குளியல்கூடங்கள் இன்றும் நகரின் நடுவே இருக்கின்றன.

கிரேக்கத்தில் ‘தெர்மோஸ்’ என்றால் சூடு. கி.மு. 480-இல் ஸ்பார்டா வீரர்கள் பாரசீகப் படையைத் தடுத்து நின்ற தெர்மோபைலே என்ற கணவாயின் பெயருக்கு ‘சுடுவாயில்கள்’ என்று பொருள். வீரத்தின் சூடு இல்லை, பக்கத்தில் ஓடும் கந்தக வெந்நீரின் சூடு. இதே சொல்தான் லத்தீனில் ‘தெர்மே’ ஆகி, இத்தாலிய ஊர்ப்பெயர்களில் இன்றும் வாழ்கிறது.

அரபுக்காரர்கள் ஐபீரியாவை ஆண்டபோது ‘அல்-ஹம்மா’, அதாவது வெந்நீர் ஊற்று என்று பெயர் வைத்த இடங்கள் ஸ்பெயினில் அல்ஹாமா ஆயின. கிரனாடா பக்கம் ஒன்று, அரகோன் பக்கம் ஒன்று, முர்சியா பக்கம் ஒன்று. லிஸ்பனின் பழைய குடியிருப்பான அல்ஃபாமாவும் அதே சொல்தான். அரபியில் சூட்டைக் குறிக்கும் அதே வேரிலிருந்து வந்த இன்னொரு சொல் ‘ஹம்மாம்’, குளியல்கூடம். நம் வீட்டுக் குளியலறையில் பச்சை நிறத்தில் இருக்கும் ஹமாம் சோப்பின் பெயர் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் இனிப் பதில் சொல்லலாம்.

ஒரே ஊற்றை இரண்டு மொழிக்காரர்கள் இரண்டு விதமாகப் பார்த்ததும் உண்டு. கார்லோவி வாரி ஊருக்கு நான்காம் சார்லஸ் 1370-இல் நகர உரிமை கொடுத்தார். ஜெர்மானியர் அதைக் கார்ல்ஸ்பாட், ‘சார்லஸின் குளியல்’ என்றார்கள். செக் பெயரில் இருக்கும் ‘வாரி’, கொதிக்கவைப்பது என்று பொருள்படும் வினையோடு சேர்ந்த சொல். அங்கே இருக்கும் விர்ஷீத்லோ என்ற பெரிய ஊற்றின் நீர் சுமார் 73 டிகிரி, மேலே 12 மீட்டர் வரை பீய்ச்சி அடிக்கிறது. நேரில் பார்த்தவன் ‘குளியல்’ என்று சொல்லமாட்டான். என் ஓட்டு செக் நாட்டுக்காரர்களுக்கு.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது புளிப்புக் குடும்பம். ஐரோப்பாவின் பழைய எரிமலைப் பகுதிகளில், ஜெர்மனியின் ஐஃபல், ஃபிரான்ஸின் ஓவெர்ன், பொஹீமியா, கிழக்குக் கார்பேத்தியன் போன்ற இடங்களில், நிலத்துக்கு அடியிலிருந்து கரியமில வாயு நீரில் கரைந்து வருகிறது. அது நாக்கில் லேசாகப் புளிக்கும். அதனால் ஜெர்மனில் ‘சவர்புருன்னன்’, புளிப்பூற்று. ஸ்வீடிஷில் ‘சூர்புருன்’, அதே பொருள். செக்கில் ‘கிஸெல்கா’, புளிச்சது. போலிஷில் ‘ஷ்ச்சாவா’, இது புளிப்புக் கீரை ஒன்றின் பெயரோடு சேர்ந்தது. காக்கசஸ் மலையடிவாரத்தின் ரஷ்ய ஊர் கிஸ்லவோட்ஸ்க் என்றால் ‘புளிநீரூர்’. அங்கே கிடைக்கும் நீரின் பெயர் ‘நார்ஸான்’. உள்ளூர்க் கபர்திய மொழியில் ‘நார்ட்டுகளின் பானம்’ என்பதிலிருந்து வந்தது. நார்ட்டுகள் என்போர் அந்த மக்களின் புராண வீரர்கள். டிரான்சில்வேனியாவின் ஹங்கேரியர்கள் மட்டும் கொஞ்சம் தாராளம்: ‘போர்வீஸ்’ என்கிறார்கள், திராட்சைமது நீர்.

இரும்பு கலந்த புளிநீருக்கு ஒரு குணம். காற்றுப்பட்டதும் வாயு வெளியேறும், இரும்பு துருவாகி அடியில் படிந்துவிடும். ஊற்றடியிலேயே குடித்தால்தான் முழுப்பயன். ஊற்றைச் சுற்றி விடுதியும் நடைபாதையும் நாடக அரங்கும் சூதாட்ட விடுதியும் முளைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். இரத்தசோகை உள்ளவருக்கு இரும்பு பலன் தரும் என்பதும் மெய்யே.

எல்லா நீரும் அப்படி இல்லை. ஜெர்மனியின் நீடர்செல்டர்ஸ் ஊரின் நீர் மண்ஜாடிகளில் அடைபட்டு ஐரோப்பா முழுவதும் போயிற்று. ‘செல்ட்சர்’ என்ற சொல் அந்த ஊர்ப்பெயர்தான். இந்த நீரைச் செயற்கையாகச் செய்ய முடியுமா என்று வேதியியலாளர்கள் முயன்றார்கள். 1767-இல் ஜோசப் பிரீஸ்ட்லி கரியமில வாயுவைத் தண்ணீரில் கரைத்துக் காட்டினார். 1783-இல் ஷ்வெப் என்பவர் ஜெனீவாவில் அதைத் தொழிலாக்கினார். 1870-களில் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் கோலி வைத்து அடைக்கும் சீசாவுக்குக் காப்புரிமை வாங்கினார். அப்புறம் நடந்தது நமக்குத் தெரியும். வயிறு சரியில்லை என்று கோலி சோடா வாங்கிக் குடிப்பவர், ஒரு வகையில் ஜெர்மனியின் மருந்தூற்றைத்தான் குடிக்கிறார்.

குளியல் குடும்பத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லத்தீனின் ‘பால்னேயும்’ கிரேக்கத்திலிருந்து வந்தது. அது இத்தாலியில் ‘பான்யோ’, ஸ்பெயினில் ‘பான்யோ’, ஃபிரான்ஸில் ‘பேன்’ ஆயிற்று. செர்பிய, பல்கேரிய ‘பான்யா’வும் அதிலிருந்தே வந்தது என்பது பரவலான கருத்து. செக்கில் ‘லாஸ்ன்யே’, ஸ்லோவாக்கில் ‘கூப்பெலே’, ஹங்கேரியனில் ‘ஃபியூர்தூ’, கிரேக்கத்தில் ‘லூத்ரா’. ஐஸ்லாந்தில் குளிக்கத்தக்க வெந்நீர்க் குட்டை ‘லேய்க்’, குளித்தால் தோல் உரிந்துவிடும் கொதியூற்று ‘க்வேர்’. இரண்டுக்கும் இரண்டு சொல் இருப்பது அந்த ஊரில் உயிர் காக்கும் விஷயம். ஐஸ்லாந்தியத்தில் சனிக்கிழமைக்கே ‘குளியல் நாள்’ என்றுதான் பெயர். டேனிஷ், ஸ்வீடிஷ், நார்வேஜியனிலும் அப்படியே. சனி நீராடு என்பதற்கு அவர்கள் தனியாகப் பாட்டு எழுத வேண்டியதில்லை.

இனி சாமி. நீர் ஏன் குணமாக்குகிறது என்ற கேள்விக்கு முதல் விடை தெய்வம்தான். இங்கிலாந்தின் பாத் நகரம் ரோமானியர் காலத்தில் ‘ஆக்வே சூலிஸ்’, சூலிஸ் என்ற பெண்தெய்வத்தின் நீர்கள். அந்த 46 டிகிரி வெந்நீரிலிருந்து தொல்லியலாளர்கள் சுமார் 130 ஈயத் தகடுகளை எடுத்தார்கள். குணமாக்கும் தெய்வத்திடம் நலம் கேட்டிருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? எழுதியிருந்தது சாபங்கள். குளிக்கும்போது என் மேலங்கியைத் திருடியவன் நாசமாகப் போக என்ற ரகம்.

கெல்டியரின் இன்னொரு ஊற்றுத்தெய்வம் போர்வோ. பெயருக்குக் கொப்பளிப்பவர் என்பது போலப் பொருள். ஃபிரான்ஸில் பூர்பொன்-லான்சி, பூர்பொன்-லார்ஷம்போ, பூர்போன்-லே-பேன் என்று அவர் பெயரில் ஊற்றூர்கள் பல. பூர்பொன்-லார்ஷம்போவின் பிரபுக்கள் வளர்ந்து, 1589-இல் நான்காம் ஹென்றி வழியாக ஃபிரான்ஸின் அரியணைக்கே வந்தார்கள். அந்த வம்சத்தின் பெயர் அமெரிக்காவில் ஒரு விஸ்கிக்கும், இங்கிலாந்தில் நடுவே சாக்லேட் வைத்த ஒரு பிஸ்கட்டுக்கும் போயிற்று. பெட்டிக்கடையில் போர்பன் பிஸ்கட் கேட்கும் குழந்தை ஒரு வெந்நீர்ச் சாமியின் பெயரைச் சொல்கிறது.

கிறித்தவம் வந்ததும் தெய்வங்களின் இடத்தில் புனிதர்கள் அமர்ந்தார்கள். ஊற்றுகள் அப்படியே இருந்தன. அயர்லாந்தில் ‘டோபர் பன்னிஹே’, ஆசி பெற்ற கிணறு. டென்மார்க்கில் ‘ஹெல்லிகில்டே’, புனித ஊற்று. கிரேக்கத்தின் ‘ஆயியாஸ்மா’ துருக்கியில் ‘அயாஸ்மா’ ஆகி, இஸ்தான்புல்லில் மதம் பார்க்காமல் எல்லோரும் போகும் இடமாக இருக்கிறது. ருமேனியாவில் ஈஸ்டருக்கு அடுத்த வெள்ளிக்கிழமை ‘குணமாக்கும் ஊற்று’ திருநாள். 1858-இல் புகழ்பெற்ற ஃபிரான்ஸின் லூர்து ஊற்றும் இந்த வரிசையில்தான். அந்த நீரில் மருந்துச் சத்து எதுவும் இல்லை, சாதாரணக் குடிநீர்தான் என்று அப்போதே சோதித்துச் சொல்லிவிட்டார்கள். திருச்சபையும் நீரின் வேதியியலைக் காரணம் காட்டுவதில்லை.

குணமாக்குதல் என்ற வினைக்கு வருவோம். இங்கேதான் மொழிகள் ஒரே திசையில் யோசித்திருக்கின்றன. ஆங்கிலத்தின் ‘ஹீல்’, முழுமையைக் குறிக்கும் ‘ஹோல்’, புனிதத்தைக் குறிக்கும் ‘ஹோலி’ மூன்றும் ஒரே வேர். ஜெர்மனில் ‘ஹைலன்’ குணமாக்குவது, ‘ஹைலிக்’ புனிதம். ரஷ்யனில் ‘செலி’ என்றால் முழுதானது, ‘இஸ்செலீத்’ என்றால் குணமாக்கு, குணமாக்கும் ஊற்று ‘செலெப்னி இஸ்தோச்னிக்’. இந்த ஸ்லாவிய வேரும் அந்த ஜெர்மானிய வேரும் ஒரே மூதாதையின் பிள்ளைகள். ஆகவே ஒற்றுமை வியப்பில்லை. வியப்பு என்னவென்றால், இந்தக் குடும்பத்தோடு எந்த உறவும் இல்லாத பாஸ்க் மொழியிலும் ‘ஓசோ’ என்றால் முழுமை, ‘ஓசாசுன்’ என்றால் உடல்நலம். எஸ்தோனியனில் ‘தெர்வே’ என்ற ஒரே சொல் முழுதையும் குறிக்கும், நோயற்றவரையும் குறிக்கும். நோய் என்பது உடைசல், குணம் என்பது ஒட்டுப்போட்டு முழுதாக்குவது என்று தனித்தனியாகவே யோசித்திருக்கிறார்கள்.

விதிவிலக்குகளும் அழகானவை. ஃபிரெஞ்சின் ‘கெரீர்’, இத்தாலியின் ‘குவாரீரே’ இரண்டும் காப்பது, தடுப்பது என்ற பழைய ஜெர்மானிய வினையிலிருந்து வந்தவை. ஃபின்னிஷின் ‘பரந்தா’, மேலானதாக்குவது. கிரேக்கத்தின் ‘தெரபேயா’ முதலில் பணிவிடை. ஸ்லாவிய மொழிகளில் மருந்தைக் குறிக்கும் ‘லேக்’ என்பது ஜெர்மானிய மொழியிலிருந்து கடன் வாங்கியது. ஸ்வீடிஷில் மருத்துவர் ‘லேக்காரே’, ஃபின்னிஷில் ‘லாக்காரி’, பழைய ஆங்கிலத்தில் மருத்துவரின் பெயர் ‘லீச்’. இன்று அந்தச் சொல்லுக்கு அட்டை என்றுதான் பொருள்.

பெயர்களில் சில பொறிகளும் இருக்கின்றன. போலந்தின் ஊற்றூர்களின் பெயரில் வரும் ‘ஸ்த்ருய்’ என்றால் ஊற்று. உடல்நலத்தைக் குறிக்கும் ‘ஸ்த்ரோவியே’யோடு உறவு உள்ளது போல ஒலிக்கும், உறவு இல்லை. பின்னதன் வேருக்கு ‘நல்ல மரத்தாலான’ என்று பொருள், உறுதியான உடம்பு. போஸ்னியாவின் பான்யா லூகாவில் இருப்பது குளியல் அல்ல, ‘பான்’ என்ற பட்டம் பெற்ற ஆட்சியாளரின் புல்வெளி. இங்கிலாந்தில் ‘ஹீலிங்’ என்றே ஒரு கிராமம் உண்டு, மருந்தூற்றும் உண்டு. ஆனால் பெயர் வந்தது ஹேகல் என்ற ஒருவரின் குடும்பத்திலிருந்து.

கடைசியாக அரசாங்கம். லத்தீனின் ‘கூரா’, கவனிப்பு. அது ஜெர்மனில் ‘கூர்’ ஆகி, வாரக்கணக்கில் தங்கிக் குடித்து, குளித்து, நடந்து செய்யும் சிகிச்சையின் பெயராயிற்று. அதற்கான ஊர் ‘கூரோர்ட்’. இந்தச் சொல் ரஷ்யனுக்கும் லித்துவேனியனுக்கும் எஸ்தோனியனுக்கும் டச்சுக்கும் அப்படியே போயிற்று. அங்கே தங்குபவர் கட்டும் வரி ‘கூர்டாக்ஸ’. சிகிச்சைக்குப் போன இடத்தில் முளைக்கும் தற்காலிகக் காதலுக்கு ‘கூர்ஷாட்டன்’, கூர் நிழல். சட்டம் இதற்கு இன்னும் வரி போடவில்லை.

மற்றதற்கெல்லாம் சட்டம் உண்டு. ஜெர்மனியில் ஊர்ப்பெயருக்கு முன்னால் ‘பாட்’ போட அரசு அனுமதி வேண்டும். ஹோம்புர்க் 1912-இல் பாட் ஹோம்புர்க் ஆனது. போலந்தின் ‘உஸ்த்ரோவிஸ்கோ’, அதாவது நலமாக்கும் ஊர் என்ற தகுதிக்கு 2005-இல் தனிச்சட்டம். ஹங்கேரியில் ‘க்யோக்வீஸ்’, மருந்துநீர், என்று எழுத அரசின் ஏற்பு வேண்டும். ஜெர்மனியில் ‘ஹைல்வாஸர்’ என்று சீட்டு ஒட்டிய பாட்டில் மருந்துச் சட்டத்தின் கீழ் வருகிறது. பக்கத்தில் இருக்கும் சாதாரண மினரல் வாட்டர் உணவுச் சட்டத்தின் கீழ். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி அந்த இரண்டாவது பாட்டிலில் நோய் தீர்க்கும் என்று எழுதவே கூடாது. ஃபிரான்ஸில் மருத்துவர் எழுதிக்கொடுத்தால் 18 நாள் ஊற்றுச் சிகிச்சையில் ஒரு பகுதிச் செலவை அரசுக் காப்பீடு தருகிறது.

ஆகவே பெயரை வைத்து ஊரைத் தேடுகிறவர்களுக்கு: கால்டாஸ், தெப்லித்சே, இலிஜா என்று இருந்தால் துண்டு எடுத்துக்கொண்டு போங்கள். கிஸெல்கா, ஷ்ச்சாவா என்று இருந்தால் டம்ளர். ‘பாட்’ என்று இருந்தால் கூர்டாக்ஸவுக்குச் சில்லறையும் வேண்டும். ஆஹன் மட்டும் ‘பாட்’ போட உரிமை இருந்தும் போட்டுக்கொள்வதில்லை. போட்டால் அகரவரிசைப் பட்டியலில் முதலிடம் போய்விடும் என்பதால்தான் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள்.